ஜிப்லோத்: பிரெஞ்சு வீட்டு முயல் குழம்புக்குச் சில குறிப்புகள்

பிரான்சில் ஒரு காலத்தில் கிராமத்து வீடானாலும் தொழிலாளர் குடியிருப்பானாலும் கொல்லையில் ஒரு முயல் கூண்டு இருக்கும். காய்கறித் தோல், கேரட் தழை, வேலியோரப் புல் இவற்றைத் தின்றே வளர்ந்த முயல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும். தோலை வாங்கத் தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். அதன் ரோமம் தொப்பி செய்கிறவர்களிடம் போய்ச் சேரும். காசு செலவில்லாத இறைச்சி என்பதால் அதைச் சமைக்கும் வழிகளும் பெருகின. கடுகு விழுதில், உலர்ந்த பிளம் பழத்தில், சிவப்பு ஒயினில் என்று வட்டாரத்துக்கு ஒரு பக்குவம்.

இங்கே சொல்லப்போவது ‘ஜிப்லோத்’. வெள்ளை ஒயின், சின்ன வெங்காயம், உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள், காளான், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த குழம்பு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸுக்கு வெளியே, ஸேன், மார்ன் ஆற்றங்கரைகளில் இருந்த ‘கேங்கெத்’ என்னும் மலிவு மதுக்கடைகளில் பொரித்த பொடிமீனுக்கும் இதற்கும்தான் கூட்டம். விக்தோர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிசெராப்ல்’ நாவலில் வரும் மதுக்கடையில் ஒரு பணிப்பெண்ணின் பெயரே ஜிப்லோத். இன்னொருத்தி பெயர் மத்லோத், அது ஒயினில் வேகவைத்த மீன் குழம்பு.

செய்முறை கடினமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வட அமெரிக்கக் குளிர்க்காடுகளில் முயலை மட்டுமே தின்று காலம் தள்ளியவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டும் நோயில் விழுந்தார்கள். புரதம் இருந்தது, கொழுப்பு இல்லை. கீழே வரும் குறிப்புகளில் பல இந்த ஒரு குறையை ஈடுகட்டத்தான்.

1. நான்கைந்து பேருக்கு 1.2 முதல் 1.5 கிலோ எடையுள்ள ஒரு முழு முயல் போதும். சதை வெளிர் இளஞ்சிவப்பாகவும், சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு வெள்ளையாகவும், ஈரல் பளபளப்பாகப் புள்ளியில்லாமலும் இருக்க வேண்டும். கொழுப்பு மஞ்சளித்திருந்தால் வயதான முயல். வேக நேரம் எடுக்கும். முதன்முதலாகச் சமைப்பவர்களுக்கு என் யோசனை: முழு முயல் வேண்டாம், பின்தொடைகளை மட்டும் வாங்குங்கள். பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டுகளில் தனியாகவே கிடைக்கும். எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வெந்துவிடும்; பாதிக் கவலை தீர்ந்தது.

2. பழைய பிரெஞ்சுக் கறிக்கடைகளில் முயலைத் தலையோடுதான் தொங்கவிடுவார்கள். அது அழகுக்காக அல்ல. தோலுரித்துத் தலையையும் பாதத்தையும் எடுத்துவிட்டால் முயலுக்கும் பூனைக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். 1870–71-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது நகரத்தார் பூனை, எலி, கடைசியில் மிருகக்காட்சிசாலையின் யானைகள் வரை தின்றார்கள். அந்த ஞாபகம் உள்ள ஊரில் வாடிக்கையாளர் தலையைக் காட்டச் சொல்வது நியாயம்தானே! இன்று அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் தலை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 13-ஆம் குறிப்பில் பயன்படும்.

3. வளர்ப்பு முயல், காட்டு முயல், நீண்டகால் முயல் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். வளர்ப்பு முயலின் கறி கோழியைப் போல வெளுப்பு. காட்டு முயலும் அதே இனம்தான், ஆனால் சிறியது, வாசனை தூக்கல், வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரெஞ்சில் ‘லியேவ்ர்’ எனப்படும் நீண்டகால் முயல் வேறு பிராணி. அதன் கறி கருஞ்சிவப்பு. அதை வெள்ளை ஒயினில் போட்டால் இரண்டுமே கெடும்.

வேட்டையாடிய முயல் கைக்கு வந்தால் கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். துலரீமியா என்ற தொற்று தோல் கீறல் வழியாக ஏறக்கூடும். பிரான்சில் காட்டு முயல் முன்போல் மலிந்து கிடக்காததற்கு ஒரு மருத்துவரும் காரணம். 1952-இல் போல்-ஃபெலிக்ஸ் ஆர்மான்-தெலீல் என்பவர் தன் பண்ணையில் முயல் தொல்லை தாங்காமல், மிக்ஸோமடோசிஸ் வைரஸ் ஏற்றிய இரண்டு முயல்களை உள்ளே விட்டார். சுற்றுச்சுவர் இருக்கிறது, வெளியே போகாது என்று நினைத்தார். சில ஆண்டுகளில் பிரான்சின் காட்டு முயல்களில் பெரும்பகுதி செத்துப்போனது. நோய் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. கூண்டில் வளர்த்த ஏழை வீட்டு முயல்களும் தப்பவில்லை.

4. வெட்டும் முறையில்தான் நம் ஊர்ப் பழக்கம் இடறும். கறிக்கடையில் குழம்புக்கு என்று சொன்னால் கத்தியை ஓங்கிச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுவிடுவார்கள். முயல் எலும்பு மெல்லியது. ஓங்கி வெட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும், அது குழம்பில் கலந்து தொண்டையில் மாட்டும். மூட்டு மூட்டாகக் கத்தி முனையால் பிரிக்கச் சொல்லுங்கள். முன்னங்கால் இரண்டும் எலும்பு மூட்டே இல்லாமல் சதையோடு மட்டும் ஒட்டியிருப்பதால் எளிதில் வந்துவிடும். பின்தொடை இரண்டு. நடுமுதுகைக் குறுக்கே இரண்டு அல்லது மூன்று துண்டு. அந்த முதுகெலும்பை மட்டும் கணுவில் கத்தியை வைத்து ஒரே அழுத்தில் வெட்டலாம். நெஞ்சுக்கூட்டில் சதை கிடையாது. அதை எடுத்து வையுங்கள்.

5. முதுகுத் துண்டின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு இருக்கும். கூரான சிறு கத்தியால் அதை உரித்துவிடுங்கள். விட்டால் வேகும்போது சுருங்கி, கறியைப் பிழிந்து வறளச் செய்யும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பைத் தூக்கி எறியாதீர்கள். பொடியாக நறுக்கி, வதக்குவதற்கு வெண்ணெயோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பிராணியில் கிடைக்கும் கொழுப்பே அவ்வளவுதான்.

6. ஈரலில் பச்சையாக ஒரு சிறு பை ஒட்டியிருக்கும். அது பித்தப்பை. பெரும்பாலும் கடையிலேயே எடுத்திருப்பார்கள். இருந்தால் சுற்றியுள்ள ஈரலோடு சேர்த்தே நறுக்கி எறியுங்கள். உடைந்தால் முழு ஈரலும் கசக்கும்.

7. மஞ்சள் தூள் போட்டுக் கழுவ வேண்டாம். கை தானாகப் போகும், நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் ஏறினால் குழம்பின் நிறமும் மணமும் வேறாகிவிடும். பண்ணை முயலைக் கழுவவே தேவையில்லை; எலும்புத் துகள் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு சமையலறைக் காகிதத்தால் ஒவ்வொரு துண்டையும் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரக் கறி சட்டியில் சிவக்காது, வெந்துதான் போகும்.

8. அளவு: முயல் 1, உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறித் துண்டுகள் 150 கிராம், வெண்ணெய் 30 கிராம், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 2 பல், மைதா 2 மேசைக்கரண்டி, புளிப்பான வெள்ளை ஒயின் 400 மில்லி, எலும்புச்சாறு 250 மில்லி, காளான் 250 கிராம், உருளைக்கிழங்கு 600 கிராம், தைம், லாரல் இலை, பார்ஸ்லி, உப்பு, மிளகு. வெங்காயத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் கோலிக்குண்டு அளவிலுள்ள வெள்ளை வெங்காயத்தைப் போடுவார்கள். நம் சாம்பார் வெங்காயம் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும், ஒருபடி இனிப்பாகவும் இருக்கும்.

9. பாத்திரம் அடி கனமாக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பிரெஞ்சு வீடுகளில் எனாமல் பூசிய வார்ப்பிரும்புக் ‘கொக்கோத்’தான் இதற்கு. 1925 முதல் லெ க்ரூஸே நிறுவனம் இதைச் செய்துவருகிறது. விலை கேட்டால் மூச்சு நிற்கும். அது இல்லையென்றால் குடி முழுகாது. அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். எனாமல் இல்லாத வெறும் இரும்புச் சட்டியும் அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். ஒயினின் புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும்.

10. பன்றித் துண்டுகளை, அதாவது ‘லார்தோன்’களை, சூடேறாத சட்டியில் போட்டு அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். மெல்ல மெல்லச் சூடேறினால் கொழுப்பு முழுவதும் உருகி வெளியே வரும். காய்ந்த சட்டியில் போட்டால் மேற்புறம் கருகிக் கொழுப்பு உள்ளேயே நின்றுவிடும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வாத்துக் கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். பிரான்சில் கோழி, வான்கோழி லார்தோனும் விற்கிறார்கள். எதுவும் இல்லாவிட்டால் வெண்ணெயை இரட்டிப்பாக்குங்கள். குறைத்துச் சமைக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

11. லார்தோனை எடுத்து வைத்துவிட்டு, உருகிய கொழுப்பில் வெண்ணெயும் எண்ணெயும் சேர்த்து முயலை வதக்குங்கள். ஒரே நேரத்தில் அத்தனையையும் கொட்டாமல் மூன்று நான்கு துண்டாக. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், நடுத்தரத் தீ. பொன்னிறம் போதும், ஆட்டுக்கறி மாதிரி கருஞ்சிவப்பு வரை போக வேண்டாம். மெலிந்த கறி அதற்குள் தோலாகிவிடும். அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிவிடாதீர்கள். கருகாத காந்தல் அது. குழம்பின் நிறமும் ருசியும் அதிலிருந்துதான்.

12. அதே சட்டியில் வெங்காயத்தை முழுசாகப் போட்டு, பூண்டும் சேர்த்து வதக்குங்கள். கறியைத் திரும்பப் போட்டு, மேலே மைதாவைத் தூவி, இரண்டு நிமிடம் புரட்டுங்கள். மாவின் பச்சை வாசனை போனபின்தான் ஒயின். கடைசியில் குழம்பு நீர்த்துப்போய், மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற நேர்ந்தால், கஞ்சி வாடை அடிக்கும். அந்த நிலைமை வந்தால் சம அளவு வெண்ணெயும் மாவும் விரலால் பிசைந்து, கடலை அளவு உருண்டைகளாகக் கொதிக்கும் குழம்பில் போட்டுக் கலக்குங்கள். கட்டியும் தட்டாது, வாடையும் வராது.

13. தலை, நெஞ்சுக்கூடு, கழுத்து இவற்றை ஒரு கேரட், ஒரு வெங்காயத்தோடு தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டால் எலும்புச்சாறு தயார். கடைக் கட்டிச் சாறு பயன்படுத்தினால் உப்பில் கவனம். லார்தோனிலும் உப்பு, கட்டியிலும் உப்பு. குழம்புக்கு உப்புப் பார்ப்பது கடைசிப் பத்து நிமிடத்தில்தான்.

14. ஒயின் இனிப்பாக இருக்கக் கூடாது. லுவார் ஆற்றுப் பக்கத்து முஸ்கதே, பர்கண்டியின் அலிகொத்தே போல மலிவான, புளிப்பான வெள்ளை ஒயின் எதுவானாலும் சரி. விலையுயர்ந்த புட்டியைக் குழம்பில் ஊற்றுவது வீண். ஆனால் குடிக்க முடியாததையும் ஊற்றாதீர்கள். கொதித்தால் கெட்டது நல்லதாகாது. ஒயினை ஊற்றியதும் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு சாற்றை ஊற்றுங்கள்.

15. கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்வார்கள். அப்படியில்லை. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, ஒரு மணி நேரம் குழம்போடு கொதித்தபின்னும் கால்பங்கு மிஞ்சுகிறது. இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 சதவீதம் இருக்கும். மதுவே வேண்டாம் என்பவர்கள் அதே அளவு எலும்புச்சாறும், பிழிந்த புளிப்புத் திராட்சைச் சாறு 100 மில்லியும் ஊற்றலாம். பழுக்காத திராட்சையின் சாறு ‘வெர்ஜ்யூ’ என்று பிரெஞ்சுக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி. ஜிப்லோத்தின் அசல் சுவை வராது; ஆனால் நல்ல குழம்பு வரும்.

16. மூலிகைக் கட்டு: தைம் இரண்டு கொத்து, பார்ஸ்லித் தண்டு நான்கைந்து, லாரல் இலை ஒன்று. நூலால் கட்டிப் போட்டால் இறுதியில் எடுப்பது எளிது. லாரல் இலைக்குப் பதில் வீட்டிலிருக்கும் பிரிஞ்சி இலையைப் போடாதீர்கள். நம்முடையது இலவங்கப்பட்டை மரத்தின் உறவு, நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை மணம் வரும். லாரல் இலைக்கு நடுவில் ஒரே நரம்பு, மணம் முற்றிலும் வேறு. கிடைக்காவிட்டால் எதுவும் போடாமல் விடுவது மேல்.

17. இனி அடுப்பைச் சின்னதாக்குங்கள். இதுவே முழுச் சமையலிலும் முக்கியமான இடம். மூடியைத் திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மெல்ல எழும்ப வேண்டும், அவ்வளவுதான். தளதளவென்று கொதித்தால் கறி நார் நாராகி, நீரில் மிதந்துகொண்டே வறண்டு போகும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி இந்தக் கொடுமையைத் தாங்கும், முயல் தாங்காது. அடுப்பைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லையென்றால் சட்டியை மூடி 150 டிகிரி ஓவனில் வைத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு: தொடைக்கும் முன்னங்காலுக்கும் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி. முதுகுத் துண்டுக்கு 35 முதல் 40 நிமிடமே போதும். ஆகவே முதுகை அரை மணி கழித்துச் சேருங்கள், அல்லது முதலிலேயே போட்டு, வெந்ததும் வெளியே எடுத்து மூடி வையுங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவிடுவதால்தான் ‘முயல் கறி சக்கை’ என்ற கெட்ட பெயர். கறி எலும்பிலிருந்து லேசாக விலகத் தொடங்கினால் நிறுத்துங்கள். தானே கழன்று விழும்வரை காத்திருக்க வேண்டாம். வயதான முயலானால் இரண்டு மணி நேரம் வரை போகும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: தடித்த பகுதியின் உட்புறம் குறைந்தது 71 டிகிரி தொட வேண்டும்.

18. குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். பிரெஞ்சுக்காரர்களே 1953-இல் செப் நிறுவனத்தின் பிரஷர் குக்கர் வந்ததிலிருந்து வைக்கிறார்கள். வயதான முயலுக்கும் வேட்டை முயலுக்கும் சரி. இளம் முயலைக் குக்கரில் வைத்தால் வெளிச்சதை பிய்ந்து சிறு எலும்புகள் கழன்று குழம்பெல்லாம் முள்ளாகும். நேரமே இல்லையென்றால் தொடைகளை மட்டும் 15 நிமிடம் வைத்து, மீதிச் சமையலைத் திறந்த பாத்திரத்தில் முடியுங்கள்.

19. உருளைக்கிழங்கு கரையாத ரகமாக இருக்க வேண்டும். பிரான்சில் ஷார்லோத், ராத் போன்றவை. கடைசி அரை மணியில் சேர்ப்பது வழக்கம். ஆனால் ஒயின் புளிப்பில் கிழங்கு வேகச் சோம்பும். புளி ஊற்றியபின் காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது இங்கேயும் பொருந்தும். கிழங்கைத் தனியாக உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்துக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சேர்த்துவிடுங்கள். கறி வெந்து கிழங்குக்காகக் காத்திருக்கும் நிலைமை வராது.

20. காளானைக் குழம்பில் நேராகக் கொட்டினால் வழவழப்பாகிவிடும். வேறு வாணலியில், அதிகத் தீயில், உப்பில்லாமல் வெண்ணெயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு வற்றும், அதன்பின் சிவக்கும். சிவந்தபின் உப்பு. ‘பாரிஸ் காளான்’ என்று உலகமெங்கும் விற்கும் வெள்ளைப் பொத்தான் காளானே இதற்கு மரபு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கீழேயுள்ள கைவிடப்பட்ட கல்குவாரிச் சுரங்கங்களில் இதைப் பயிரிட்டார்கள். எடுத்து வைத்த லார்தோனையும் இந்தக் காளானையும் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள்.

21. ஈரலுக்கு இரண்டு வழி. வெண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வாட்டி, வெட்டி மேலே வைக்கலாம். அல்லது வாட்டிய ஈரலை ஒரு கரண்டிக் குழம்போடு மசித்துச் சட்டியில் கலக்கலாம். குழம்பு கெட்டியாகி ஆழமான ருசி வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எந்த வழியானாலும் உட்புறம் பச்சையாக நிற்கக் கூடாது.

22. இஞ்சி, கரம் மசாலா, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். சப்பென்று இருக்குமே என்ற பயம் முதல் கரண்டியோடு போய்விடும். முயல் கறியின் மணம் மெல்லியது. ஒயின், தைம், வெங்காயத்தின் இனிப்பு இந்த மூன்றும் சேர்ந்தே அதைத் தூக்கி நிறுத்துகின்றன. காரம் வேண்டியவர்களுக்கு மிளகு இருக்கிறது: அப்போதே பொடித்து, இறக்கும்போது தாராளமாகத் தூவுங்கள். மசாலா போட்டு முயல் வறுவல் செய்வதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஒயினை வீணாக்குவானேன்?

23. இதே முயலைக் கடுகு விழுதில் செய்ய ஆசையிருந்தால்: துண்டுகள் மேல் திஜோன் கடுகு விழுதை நான்கு மேசைக்கரண்டி பூசி ஒரு மணி நேரம் ஊறவைத்து, வதக்கி, சின்ன வெங்காயமும் 250 மில்லி வெள்ளை ஒயினும் சேர்த்து வேகவைத்து, இறுதியில் ‘க்ரெம் ஃப்ரெஷ்’ என்னும் லேசாகப் புளித்த பாலேடு 200 மில்லி ஊற்றுங்கள். கிழங்கும் காளானும் வேண்டாம்.

நம் தாளிப்புக் கடுகும் திஜோன் விழுதில் அரைபடும் பழுப்புக் கடுகும் ஒரே செடிதான். ஆனால் தாளிப்பில் காரமில்லை, விழுதில் மூக்கில் ஏறும். கடுகின் காரம், அரைத்து ஈரம் பட்டபின் அதிலுள்ள நொதி ஒன்றால் உண்டாவது. முதலிலேயே சூடு பட்டால் நொதி செத்துவிடும். உண்டான காரமும் கொதியில் பறந்துவிடும். அதனால் ஒரு மேசைக்கரண்டி விழுதைத் தனியே வைத்திருந்து, அடுப்பை அணைத்தபின் கலக்குங்கள். திஜோன் நகரில் 1856-இல் ழான் நெஜோன் வினிகருக்குப் பதில் புளிப்புத் திராட்சைச் சாற்றைச் சேர்த்ததிலிருந்து வந்தது இந்த விழுதின் சுவை. கடுகு மட்டும் பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021-இல் அங்கே வறட்சி வந்ததால் 2022-இல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகு விழுது அலமாரி காலியாகக் கிடந்தது.

24. வட பிரான்சுப் பக்குவத்தில் உலர்ந்த பிளம் பழம் சேரும். கொட்டை நீக்கிய நல்ல ரகமாக, ஆஜான் ஊர்ப் பழமானால் உத்தமம், இருபது பழத்தைச் சூடான தேநீரில் ஊறவைத்துக் கடைசி இருபது நிமிடத்தில் போடுங்கள். முன்னதாகப் போட்டால் கரைந்து குழம்பு ஜாமாகும்.

25. பரிமாறும்போது மூலிகைக் கட்டை எடுத்துவிட்டு, நறுக்கிய பார்ஸ்லி தூவுங்கள். குழம்பிலேயே கிழங்கு இருப்பதால் பக்கத்தில் ரொட்டி போதும். மேலோடு முறுகிய பகெத் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவது பிரெஞ்சு வீடுகளில் மரியாதைக் குறைவல்ல. கிழங்கு போடாமல் செய்தால் அகலமான முட்டை நூடுல்ஸ் பொருத்தம். சோறு வேண்டுமென்றால் தாராளமாக. தெற்குப் பிரான்சின் கமார்கில் நெல்லே விளைகிறது. குழந்தைகளுக்குத் தொடைக்கறியை எலும்பிலிருந்து பிரித்து, விரலால் தடவிப் பார்த்துக் கொடுங்கள்.

26. முதல் நாளே செய்து வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். விருந்துக்காக முன்கூட்டிச் செய்வதானால் கிழங்கும் காளானும் மறுநாள் சேருங்கள். சூடாக்கும்போது கொஞ்சம் சாறு ஊற்றி மூடி, சின்னத் தீயில். மைக்ரோவேவ் வேண்டாம், அதிலும் முதுகுத் துண்டு மரக்கட்டையாகும். உறையவைக்க நினைத்தால் கிழங்கை எடுத்துவிட்டு வையுங்கள்.

27. தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பண்ணைகளில் வளர்க்கும் முயல் மட்டுமே வாங்குங்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் இறைச்சி முயல் இனங்களை வளர்க்கிறார்கள். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்றவை. அவை எல்லாம் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை, இந்தக் குழம்புக்கு அப்படியே பொருந்தும். வயல்வெளியில் ஓடும் நம் காட்டு முயல் வேறு இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். “காட்டுல கிடைச்சதுங்க, தனி ருசி” என்று யாராவது பையை நீட்டினால் வாங்காதீர்கள். முயலே கிடைக்காத ஊரிலிருப்பவர்கள் நாட்டுக்கோழித் தொடையில் இதே முறையில், இதே நேரக் கணக்கில் செய்து பாருங்கள், ஏமாற்றம் இருக்காது.